கால் முளைத்த வெளிச்சம்

அந்த வீட்டில் இடது, வலது என்ற இரண்டு சொற்களும் புழக்கத்தில் இல்லை. அவற்றால் விளைந்த சண்டைகள் ஏராளம் என்பதால், வீட்டார் ஒருமனதாக அவற்றை விலக்கி வைத்திருந்தார்கள்.

காரணம் எளியதுதான். முன்னறையின் நடுவே நீண்ட மேசை ஒன்று கிடந்தது. மேசைக்கு இப்புறம், மூன்று கால் தாங்கியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு வீட்டு மருமகள் நிற்பாள். தெருவில் எல்லோரும் அவளைப் படக்காரி என்றே அழைத்தார்கள். மேசைக்கு அப்புறம், சுவரை ஒட்டினாற்போல் அவளுடைய நாத்தனார் நின்று, படம் எடுக்க வேண்டிய ரொட்டியையோ சோப்பையோ செருப்பையோ அழகுற அடுக்குவாள். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் இடது எப்படி ஒன்றாக இருக்கும்?

"கிண்ணத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளும்மா" என்பாள் படக்காரி.

"உங்க இடதா, என் இடதா அண்ணி?"

"கேமராவோட இடது."

"கேமராவுக்கு ஏது கை?"

இந்த விசாரணை முடிவதற்குள் கிண்ணத்திலிருந்த சூப்பின் மேல் ஆடை படிந்துவிடும். மறுபடியும் அடுப்பை மூட்ட வேண்டும். ஆகவே, ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்ததால் அந்தப் பக்கத்துக்குத் தெருப் பக்கம் என்றும், அதற்கு எதிரே சமையலறை வாசல் இருந்ததால் இந்தப் பக்கத்துக்கு அடுப்புப் பக்கம் என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு அது வீடு முழுவதற்கும் வழக்காகிவிட்டது. சாப்பிடும்போதுகூட, "தண்ணி ஜக்கைத் தெருப் பக்கம் நகர்த்துங்க" என்றுதான் பேச்சு. படக்காரியின் கணவர் மின் வேலை பார்ப்பவர். அவர் ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் வாய் தவறி, "ஒயரை அடுப்புப் பக்கம் இழுங்கப்பா" என்று சொல்லிவிட, உடன் இருந்தவர்கள் அந்த மாதம் முழுவதும் அவரைச் சமையல்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

நாளடைவில் அச்சொற்களின் பொருளும் சற்றே நகர்ந்தது. ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தில்தான் எல்லாப் படங்களும் எடுக்கப்பட்டன. எனவே தெருப் பக்கம் என்றால் வெளிச்சம், அடுப்புப் பக்கம் என்றால் நிழல் என்று ஆயிற்று. "இந்த ஆப்பிளுக்கு அடுப்புப் பக்கம் போதாது" என்றால், நிழல் இன்னும் வேண்டும் என்று பொருள்.

படக்காரி முன்பு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில், விண்ணப்பங்களுக்கு ஒட்டும் முகப்படங்களை எடுத்துக்கொண்டிருந்தவள். சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது, காது தெரிய வேண்டும். இதையே நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தும் கணவரிடம் காது தெரியும்படி உட்காரச் சொன்ன அன்றுதான் வேலையை விட்டாள். நாத்தனார் ஒரு பெரிய மருத்துவமனையின் உணவகத்தில், ஆள் உயர அண்டாக்களில் துடுப்புப் போன்ற கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தவள். அவளும் அதை விட்டுவிட்டு அண்ணியோடு சேர்ந்துகொண்டாள். சிறு கடைகளுக்கும் அடுமனைகளுக்கும் படம் எடுத்துக் கொடுத்து, இருவரும் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு வந்திருந்தார்கள்.

அந்த ஆண்டுதான் மழை அப்படிப் பிடித்துக்கொண்டது. காலையில் தொடங்கினால் மாலையில் ஓயும். ஓய்ந்ததாகப் பாவனை செய்துவிட்டு மறுபடி தொடங்கும். ஜன்னல் ஈரச் சிலேட்டுப் பலகை போல ஆகிவிட்டது. அதன் வழியே வந்த வெளிச்சத்தில் வெண்ணெய் மெழுகாகவும் ரொட்டி அட்டையாகவும் தெரிந்தன.

சரியாக அந்த வேளையில்தான் ஒரு ஜாம் கம்பெனியின் மேலாளர் அம்மையாரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

"உங்க படம் பார்த்தேம்மா. நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு மஞ்சளா இருக்கு, ஒண்ணு நீலமா இருக்கு. எங்களுக்கு வருஷம் முழுக்கப் புதுப் புது பாட்டில் வரும். மழையில எடுத்ததையும் வெயில்ல எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசமே தெரியக் கூடாது. முடியுமா?"

"முடியும் மேடம்" என்றாள் படக்காரி.

"அப்ப நானே வந்து பக்கத்துல இருந்து பார்க்கறேன். அடுத்த வாரம்."

தொலைபேசியை வைத்த பிறகுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள். "எப்படி அண்ணி முடியும்? மழைக்கு யாருகிட்டச் சொல்லி வச்சிருக்கீங்க?"

"விளக்கு வாங்கிடுவோம்" என்றாள் படக்காரி, ஏதோ உப்பு வாங்கி வருவது போல.

ஆனால் இந்த ஒரு வேலையை நம்பி எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்பது இருவருக்கும் தெரியும். அந்த வேலை கிடைத்தால் முன்னறை படக்கூடமாகவே நிலைக்கும். கிடைக்காவிட்டால், இப்படிப்பட்ட மழையை நம்பி இனி ஒரு பருவம் தள்ள முடியாது. முகப்படக் கடைக்காரர், "நாற்காலி காலியாத்தான் இருக்கு, எப்ப வேணா வரலாம்" என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். மருத்துவமனை அண்டாவும் அங்கேயேதான் இருந்தது.

விளக்குக் கடைக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு மூவரும் சேர்ந்தே போனார்கள். கடைக்காரர் பண்பானவர், மூவரில் யார் முடிவெடுப்பவர் என்று புரியாததால் மூவரையும் மாறி மாறிப் பார்த்துப் பேசினார். முதலில் மூன்று விளக்குகள் அடங்கிய தொகுப்பு ஒன்றைக் காட்டினார். கணவர் உடனே குனிந்து பின்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கத் தொடங்கினார்.

"எங்க வீட்டு மெயின் தாங்குமா?"

"எல்.இ.டி. சார். உங்க இஸ்திரிப் பெட்டியை விடக் கம்மியாத்தான் இழுக்கும்."

"அப்ப அதையும் இதையும் ஒண்ணாப் போடலாம்" என்று அவர் மன நிறைவோடு நிமிர்ந்தார்.

இதற்குள் நாத்தனார் தன் பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்துத் திறந்தாள். உள்ளே பாதியாக நறுக்கிய தக்காளி, பாதி அவித்த முட்டை, ஜாம் தடவிய ஒரு துண்டு ரொட்டி.

"சாப்பாட்டு நேரமா மேடம்? உக்காந்து சாப்பிடுங்க, அவசரமில்ல" என்றார் கடைக்காரர்.

"இது சாப்பிடறதுக்கு இல்லீங்க. பரீட்சைக்கு."

மூன்று விளக்குத் தொகுப்பின் வெளிச்சத்தில் தக்காளி பழைய செங்கலாக மாறியது. முட்டையின் மஞ்சள் கருவில் பாசி படர்ந்தது போலிருந்தது. அடுத்து, தனியே நின்ற ஒற்றை விளக்கைக் கடைக்காரர் போட்டார். தக்காளி தக்காளியாயிற்று. அதன் விதைகளைச் சுற்றியிருந்த ஈரம்கூடத் தெரிந்தது.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்குத்தாம்மா நான் அரை மணி நேரம் விளக்கம் சொல்லுவேன். வெளிச்சம் எந்த விளக்கும் குடுக்கும். நிறத்தை நிறமாக் காட்டுறது சிலதுதான். அதுக்குன்னு அட்டைப் பெட்டியில ஒரு மார்க் போட்டிருப்பாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருந்தாத்தான் சாப்பாட்டுக்கு எடுக்கணும். இனிமே நானும் ஒரு தக்காளி வாங்கி வச்சுக்கிறேன்."

பிறகு அவர் ஃபிளாஷ் விளக்கையும் காட்டினார். கண்ணிமைப்பதற்குள் பளிச்சென்று வெட்டி மறைந்தது. "தேன் ஊத்துறது, தண்ணி தெறிக்கிறது, இதெல்லாம் அப்படியே உறைஞ்சு நிக்கும்" என்றார்.

படக்காரியின் மனம் அதன் மேல் சாய்ந்தது உண்மை. முகப்படக் கடையில் அவள் பழகிய விளக்கு அது. ஆனால் நாத்தனார் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"வந்துச்சு, போயிடுச்சு! எங்க மினுங்குச்சு, நிழல் எங்க விழுந்துச்சு, எனக்கு என்ன தெரியும்? நான் எதைப் பார்த்து அண்ணி ரொட்டியைத் திருப்புவேன்?"

படக்காரி ஃபிளாஷைக் கடைக்காரர் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "அவ சொல்றது சரிதாங்க" என்றாள் கணவரிடம். "நமக்கு ஊத்துற படம் என்னைக்காவதுதான். அடுக்குற படம் தினமும். எரிஞ்சுகிட்டே இருக்கிற விளக்குதான் வேணும். அதுவும் இந்த நல்லது ஒண்ணே ஒண்ணு போதும், முன்னால வெளிச்சத்தை மெதுவாக்குற பெரிய துணிப் பெட்டி மாட்டி."

"மூணுக்குப் பதிலா ஒண்ணா?" என்றார் கணவர்.

"வானத்துல எத்தனை சூரியன் இருக்கு?"

"அது ஃபியூஸ் போறதில்லையே."

"பத்து நாளாப் போய்த்தானே கிடக்குது அண்ணா" என்றாள் நாத்தனார்.

கடைக்காரர் ஒற்றை விளக்கையே கட்டிக் கொடுத்தார். வெளியே மழை. விளக்குப் பெட்டிக்குக் குடை பிடித்து, மூவரும் நனைந்தபடியே வீடு வந்து சேர்ந்தார்கள்.

விளக்கை எங்கே நிறுத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது கேள்வியாகவே யாருக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் என்றால் தெருப் பக்கம் என்று வீட்டுச் சுவர்களுக்கே மனப்பாடமாகியிருந்தது. கணவர் ஜன்னலுக்கு நேர் முன்னால் தாங்கியை நிறுத்தி, துணிப் பெட்டியை மாட்டி, அதன் வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றி இழுத்துவிட்டார். அடுப்புப் பக்கம், நிழலைச் சற்றே தணிக்க ஒரு வெள்ளை அட்டை.

முதல் படம் ரொட்டித் தட்டு. மேலோட்டின் ஒவ்வொரு பொரியும் தனித்தனியே தெரிந்தது. வெண்ணெய் உருகத் தொடங்கிய விளிம்பு மட்டும் மெல்ல மினுங்கியது. நாத்தனார் கேமராவின் பின்னால் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இந்த ரொட்டியை நானா சுட்டேன்?" என்றாள்.

ஜாம் பாட்டிலை வைத்தபோதுதான் தொல்லை தொடங்கியது. கண்ணாடியின் மேல் துணிப் பெட்டியின் உருவம் வெள்ளைப் பட்டையாக விழுந்தது. அதற்குப் பின்னே இருந்த பழம் கறுப்பு மையாகக் கிடந்தது. விளக்கைக் கூட்டினார்கள், பட்டைதான் வெளுத்தது. அருகே நகர்த்தினார்கள், பட்டை பெருத்தது. நாத்தனார் ஒரு பாட்டிலைச் சமையலறைக்கு எடுத்துச் சென்று, வெந்நீர் கலந்து கொண்டுவந்தாள்.

"இப்பக் கொஞ்சம் சிவப்பாத் தெரியுது பாருங்க. என்ன, ஜாமைக் குடிக்கணும்."

"வேண்டாம்மா. அவங்க சரக்கை நாம மாத்துனா, வாங்குறவங்களுக்கு நாம பொய் சொன்ன மாதிரி."

"அப்ப உண்மையைச் சொல்லி அனுப்பிடுவோம், உள்ள இருக்கிறது தார்னு."

"நீ முதல்ல கண்ணாடியில இருக்கிற உன் விரல் ரேகையைத் துடை."

"என் ரேகைதான் இப்பக் குறையா? நாலு தடவை துடைச்சிட்டேன். நீங்கதான் அந்த விளக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

இரு பெண்களும் அன்று மேசையின் இரு கோடிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கணவர் தண்ணீர் ஜக்கைத் தாமே எட்டி எடுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னாலும் ஆபத்து என்று அவருக்குத் தோன்றியது.

மேலாளர் அம்மையார் குறித்த நாளில், மழையை உதறியபடி உள்ளே வந்தார். உருவத்தில் சிறியவர், குரல் மட்டும் பெரியது. குடையை வாசலில் சாய்த்து, தாமே தூக்கி வந்த பாட்டில் பெட்டியை மேசையின் மேல் வைத்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, "வேலை முடியட்டும், அப்புறம் ரெண்டு கப்பாவே குடிக்கிறேன்" என்றார்.

மேசை ஓரத்தில் அடுக்கியிருந்த ரொட்டித் தட்டையும் அதன் படத்தையும் நெடுநேரம் பார்த்தார். "இது சரி" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொற்களில் நாத்தனாருக்குப் பாதி பாரம் இறங்கியது.

"பாட்டிலை எடுங்க."

படக்காரி எடுத்தாள். அம்மையார் திரையருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"இது ஜாமாம்மா? இல்ல வண்டிக்கு ஊத்துற ஆயிலா?"

கணவர் தொண்டையைச் செருமினார். அதற்குள், இவ்வளவு நாளும் முகம் காட்டாத வெயில் மேகத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்குள் பாய்ந்தது. படக்காரி இரண்டாவது படம் எடுத்தாள். மேசை மஞ்சளாக மாறியிருந்தது.

"இதைத்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றார் அம்மையார், கோபமில்லாமல். கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

படக்காரி போய் ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தித் தாழிட்டாள். அறை இருண்டு, விளக்கு மட்டும் மிஞ்சியது. மூடிய ஜன்னலுக்கு முன்னால், பூட்டிய கடைக்குக் காவல் நிற்பவரைப் போல அது நின்றது.

அம்மையாருக்கு மனம் ஆறவில்லை. "எங்க பழம் இப்படி இருக்காதும்மா. பாருங்க" என்று சொல்லி, மேசை மேல் இருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். சரக்கைச் சோதிப்பவர்கள் எல்லோரும் செய்வது போல, அதை விளக்குக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார். "எவ்வளவு தெளிவா இருக்கு! விதை தெரியுது, பழத்துண்டு தெரியுது. படத்துல மட்டும் ஏன் இப்படி?"

அவர் தோளுக்குப் பின்னால் நின்ற படக்காரியும் பார்த்தாள். பாட்டில் முழுவதும் சிவப்பு மூண்டு எரிந்தது. பழத்துண்டுகள் அதில் மிதந்து நின்றன. வெளிச்சம் பாட்டிலின் மேல் படவில்லை. பாட்டிலுக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது.

அவள் விளக்கைப் பார்த்தாள். அதன் அடியில் அகல விரிந்து நின்ற மூன்று கால்களைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"என்னங்க, ஜன்னலுக்குக் கால் கிடையாது. இதுக்கு இருக்கு."

"இருக்கு" என்றார் கணவர், எச்சரிக்கையாக.

"அப்புறம் ஏன் இதை ஜன்னல்கிட்டயே கட்டிப் போட்டிருக்கோம்? தூக்குங்க. அவ பக்கம் கொண்டு வாங்க."

"எவ பக்கம்?"

"உங்க தங்கச்சி பக்கம்!"

அந்த வீட்டில் இதுவரை அப்படி ஒரு பக்கமே இருந்ததில்லை. கணவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கும் அடுப்புக்கும் நடுவே திகைத்து நின்றார். நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என் பக்கமா? அப்ப நான் எங்க அண்ணி நிக்கிறது?"

"என் பக்கத்துல வந்து நில்லு."

விளக்கு பாட்டிலுக்குப் பின்னே போய் நின்றது. வெளிச்சம் முரட்டுத்தனமாக இருந்ததால், ரொட்டி சுடும் தட்டில் விரிக்கும் மெல்லிய தாளை நாத்தனார் கொண்டுவர, விளக்குக்கும் பாட்டிலுக்கும் இடையே அதைத் திரையாகக் கட்டினார்கள். ஜாம் விழித்துக்கொண்டது. ஆனால் இப்போது பெயர்ச்சீட்டு இருண்டுவிட்டது.

"பேரு தெரியலையே" என்றார் அம்மையார். இம்முறை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலையில் கலந்துகொண்டவர் போல முன்னே சாய்ந்திருந்தார்.

"தெரியும் மேடம், கொஞ்சம் பொறுங்க." படக்காரி வெள்ளை அட்டையிலிருந்து உள்ளங்கையளவு ஒரு துண்டை வெட்டினாள். "என்னங்க, கேமராவுக்குக் கீழே உக்காந்து இதைப் பிடிங்க. பின்னால இருந்து வர வெளிச்சம் இதுல பட்டு, திரும்பிப் போய்ப் பேர் மேல விழணும்."

கணவர் மண்டியிட்டார். அட்டையைச் சாய்த்தார், பெயர் எழுத்தெழுத்தாக வெளுத்து எழுந்தது.

"இன்னும் கொஞ்சம் சாய்ங்க. போதும். மூச்சு விடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"அண்ணா, வாயைத் திறந்தா கை ஆடுது" என்றாள் நாத்தனார். அவள் அண்ணியின் தோளோடு தோள் உரச நின்று, முதன்முறையாகப் படக்காரி பார்ப்பதையே தானும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, மூடிக்குக் கீழே ஒரு குமிழி இருக்கு. தட்டி எடுத்துட்டு வரேன்." போய்த் தட்டினாள். குமிழி மேலேறி மறைந்தது.

படம் எடுக்கப்பட்டது. அம்மையார் திரையைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஆரஞ்சு ஜாமை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார். அதை எடுத்தார்கள். திராட்சை ஜாமை எடுத்தார்கள். விளக்கு அசையவில்லை, தாள் அசையவில்லை, அட்டையைப் பிடித்த கை மட்டும் இலேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது.

மூன்று படங்களையும் அருகருகே வைத்து அவர் பார்த்தார். சிவப்பு, ஆரஞ்சு, ஊதா. மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருந்தன.

"இப்ப வெளிய மழையா, வெயிலா?" என்று கேட்டார்.

மூவரும் மூடிய ஜன்னலைப் பார்த்தார்கள்.

"தெரியல மேடம்" என்றாள் படக்காரி.

"எனக்கும் தெரியல. அதுதாம்மா எனக்கு வேணும்." அம்மையார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "வருஷம் முழுக்க எங்க பாட்டில் எல்லாம் இங்கதான் வரும். சரி, அந்த ரெண்டு கப் டீயைக் கொடுங்க. அந்த ரொட்டியையும் தள்ளுங்க, நான் காலையில சாப்பிடாம வந்தேன்."

"அதைத் தொடாதீங்க மேடம்!" என்று நாத்தனார் பதறினாள். "பளபளப்புக்கு அதுமேல எண்ணெயைப் பூசிவச்சிருக்கேன். வேற சூடாச் சுட்டுத் தரேன்."

அவள் சமையலறைக்குள் ஓடினாள். படக்காரி அடுத்த பாட்டிலை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"கையை இறக்கலாமா?" என்று கீழேயிருந்து கணவரின் குரல் வந்தது.

"இறக்காதீங்க" என்றார்கள் படக்காரியும் மேலாளர் அம்மையாரும் ஒரே நேரத்தில்.